சிட்னியிலிருந்து லாங் பார்க் வரை: ஆரிஜின் மூன்றாவது ஆட்டம், 2024

ஜூலை 13, சனி. சிட்னி

நியூ சவுத் வேல்ஸ், குயின்ஸ்லாந்து என்ற இரு ஆஸ்திரேலிய மாநிலங்கள் மோதும் ரக்பி லீக் தொடரான ஸ்டேட் ஆஃப் ஆரிஜின் 1-1 என்று நிற்கிறது. வரும் புதன் இரவு பிரிஸ்பேனில் மூன்றாவது ஆட்டம். நியூ சவுத் வேல்ஸா, குயின்ஸ்லாந்தா என்பது அங்கே தெரிந்துவிடும். வடக்கே கிளம்புவதற்கு முன் முதல் ஆட்டம் நடந்த ஒலிம்பிக் பார்க்குக்கு ஒரு நடை போய்வரலாம். இந்தத் தொடரைப் பற்றி உலவும் தப்புக் கணக்குகளில் பாதி அங்கே பிறந்தவைதான்.

சாதாரண நாளில் சென்ட்ரல் நிலையத்திலிருந்து லிட்கம் வரை போய், அங்கே ஒலிம்பிக் பார்க் ரயிலுக்கு மாற வேண்டும். பெரிய ஆட்டம் உள்ள நாளில் நேரடி ரயில் உண்டு. அக்கார் ஸ்டேடியம் 2000 ஒலிம்பிக்ஸுக்குக் கட்டியது. 80,000 பேருக்கு மேல் கொள்ளும். ஆனால் திடலுக்கும் இருக்கைக்கும் நடுவே இடைவெளி அதிகம். மேல் அடுக்கில் உட்கார்ந்தால் யார் எந்த எண் சட்டை என்று பெரிய திரையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

புதிதாகப் பார்ப்பவர்களுக்கு ஆட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். பக்கத்துக்கு 13 பேர், 80 நிமிடம். பந்து வைத்திருக்கும் அணிக்கு ஆறு டேக்கிள் அவகாசம், அதாவது பந்தோடு ஓடுபவர் ஆறு முறை பிடிபடும் வரை. ஐந்தாவதில் பெரும்பாலும் பந்தை உதைத்து எதிராளியிடம் தூரமாகக் கொடுத்துவிடுவார்கள். ஆறாவதில் பிடிபட்டால் பந்து அதே இடத்தில் கைமாறும். கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்தால் ட்ரை, 4 புள்ளி. அதன் பின் கம்பத்துக்கு நடுவே உதைத்தால் 2. பெனால்ட்டி உதைக்கும் 2.

ஜூன் 5 அன்று இங்கே குயின்ஸ்லாந்து 38-10 என்று வென்றது. எண்ணைப் பார்த்தால் ஒருதலைப்பட்சமான ஆட்டம். ஆனால் தொடங்கிப் பத்து நிமிடம் ஆவதற்குள் நியூ சவுத் வேல்ஸின் சென்டர் (விங்கருக்கு உள்பக்கம் ஆடுபவர்) ஜோசப் சுவாலி, குயின்ஸ்லாந்தின் ரீஸ் வால்ஷின் தலையில் மோதியதற்காக வெளியேற்றப்பட்டார். ரக்பி லீக்கில் வெளியேற்றப்பட்டவருக்கு மாற்று ஆள் கிடையாது. எழுபது நிமிடத்துக்கு மேல் 12 பேர் 13 பேரோடு ஆடினார்கள்.

ஓர் ஆள் குறைந்தால் என்ன ஆகும்? திடலின் அகலம் 68 மீட்டர். தடுக்கும் அணியில் ஃபுல்பேக் பின்னால் நிற்பார், பிடிபட்டவருக்கு எதிரே மார்க்கர் இருவர். மீதிப் பத்துப் பேர்தான் வரிசை. ஆளுக்கு 6.8 மீட்டர். ஒருவர் போனால் ஒன்பது பேர், ஆளுக்கு ஏறக்குறைய 7.6 மீட்டர். முக்கால் மீட்டர்தானே என்று தோன்றும். அந்த இடைவெளியை ஒவ்வொரு டேக்கிளுக்கும் பத்து மீட்டர் பின்வாங்கி, திரும்ப முன்னேறி அடைக்க வேண்டும். ஐம்பதாவது நிமிடத்தில் கால் கேட்காது. விளிம்பில் விரிசல் விடும். குயின்ஸ்லாந்தின் ஹமிசோ டபுவாய்-ஃபிடோ அன்று மூன்று ட்ரை போட்டார்.

ஆகவே கணிப்பில் முதல் ஆட்டத்தின் 28 புள்ளி வித்தியாசத்தை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. குயின்ஸ்லாந்து மோசமாக ஆடவில்லை என்பதற்கு மட்டும்தான் அது சாட்சி.

ஜூலை 14, ஞாயிறு. வடக்கே போகும் ரயில்

சிட்னியிலிருந்து பிரிஸ்பேனுக்கு விமானத்தில் ஒன்றரை மணி நேரம். ரயிலில் சுமார் 14 மணி நேரம். மதியம் இரண்டரைக்குப் பின் கிளம்பும் எக்ஸ்பிடி ரயில், அடுத்த நாள் அதிகாலை ஐந்துக்கு முன்பே ரோமா ஸ்ட்ரீட்டில் இறக்கிவிடும். ஆரிஜின் வாரத்தில் விமானக் கட்டணம் எகிறும், ரயில் இருக்கைகளும் சீக்கிரம் தீரும். மூன்றாவது ஆட்டம் முடிவாட்டம், அதாவது தொடரைத் தீர்மானிக்கும் ஆட்டம், ஆகுமா என்பது இரண்டாவது ஆட்டத்தின் இரவில்தான் தெரியும். ஊர் முழுக்க அன்றே பதிவு செய்யக் கிளம்பிவிடும். அதனால் இரண்டாவது ஆட்டத்துக்கு முன்பே, பணம் திரும்பக் கிடைக்கும் வகையில் ஓர் இடம் பிடித்து வைப்பது பழகியவர்களின் வழக்கம். பெட்டிக்குள் குளிர்பதனம் சற்றுக் கடுமை. ஸ்வெட்டரைப் பைக்குள் ஆழத்தில் வைக்க வேண்டாம்.

குளிர்காலம் என்பதால் பொழுது சாயும் நேரத்தில் ரயில் பிராட்மெடோவை அடைகிறது. நியூகாசில் நைட்ஸ் அணியின் மைதானம் இந்த நிலையத்துக்கு அருகில்தான். புதன்கிழமைக்கு முக்கியமான ஓர் ஆள் இந்த அணிக்காரர்: பிராட்மன் பெஸ்ட். காலில் அடிபட்ட லாட்ரல் மிட்செலின் சென்டர் இடம் இவருக்கு வந்திருக்கிறது. மிட்செல் இல்லாதது இழப்புதான். மெல்போர்னில் நடந்த இரண்டாவது ஆட்டத்தில் அவர் திரும்பி வந்ததும் இடது பக்கமே வேறு மாதிரி ஆனது. ஆனால் பெஸ்ட் இந்த மேடைக்குப் புதியவர் அல்ல. 2023 மூன்றாவது ஆட்டத்தில் அறிமுகமாகி இரண்டு ட்ரை போட்டார். நேராக, தாழ்ந்து, வேகமாக ஓடுபவர். பக்கத்தில் ஜரோம் லுவாய் போல இடைவெளி உண்டாக்கித் தருபவர் இருந்தால் போதும்.

அந்த மெல்போர்ன் ஆட்டத்துக்கு வருவோம். ஜூன் 26, எம்சிஜி மைதானம், 90,000-க்கு மேல் கூட்டம். நியூ சவுத் வேல்ஸ் 38-18. இடைவேளையில் 34-0. ஆரிஜின் வரலாற்றில் அவ்வளவு பெரிய முதல் பாதி முன்னிலை அதுவரை கிடையாது. இதை வைத்துத்தான் இப்போது சிட்னிப் பக்கம் துள்ளல்.

இரண்டாவது பாதியைத் தனியாக எடுத்துப் பாருங்கள். 18-4, குயின்ஸ்லாந்துக்கு. முன்னிலை பெற்ற அணி சற்றுத் தளர்வது இயல்பு என்று ஒதுக்கலாம், ஓரளவு உண்மையும்கூட. ஆனாலும் குயின்ஸ்லாந்தின் டாலி செரி-எவன்ஸ், ஹாரி கிரான்ட் கூட்டணிக்கு விரைவான பந்து கிடைத்தால் என்ன செய்வார்கள் என்பதை அந்த நாற்பது நிமிடம் காட்டிவிட்டது. 38-10, 38-18 இரண்டுமே பொய் எண்கள். ஒன்றில் ஆள் குறைவு, மற்றதில் ஆட்டம் பாதியிலேயே முடிந்துபோனது. இவற்றின் சராசரியைப் போட்டு மூன்றாவது ஆட்டத்தில் ஐம்பது புள்ளி வரும் என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம்.

நடு இரவு தாண்டி, கேசினோ, கியோகிள் கழிந்து, மலையில் ரயில் ஒரு வட்டம் போட்டு ஏறி, சுரங்கத்துக்குள் மாநில எல்லையைக் கடக்கிறது. இருட்டில் எதுவும் தெரியாது. ஜூலையில் இரு மாநிலத்துக்கும் ஒரே நேரம், கடிகாரத்தைத் தொட வேண்டாம். கோடையில் மட்டும் குயின்ஸ்லாந்து ஒரு மணி நேரம் பின்தங்கும்.

ஜூலை 15, திங்கள். பிரிஸ்பேன்

ரோமா ஸ்ட்ரீட்டிலிருந்து மைதானத்துக்கு இருபது நிமிட நடை. பெயர்ப்பலகையில் சன்கார்ப் ஸ்டேடியம். ஊர்க்காரர்கள் வாயில் லாங் பார்க். 1875 வரை இது கல்லறை நிலம். எதிரணிக்காரர்கள் இதை வைத்துப் பேசும் நகைச்சுவைகளை இங்கே எழுதத் தேவையில்லை. 2003-இல் புதுப்பித்துத் திறந்த அரங்கம் சுமார் 52,500 பேரைக் கொள்ளும். செவ்வகத் திடலுக்கென்றே கட்டியது, முதல் வரிசை எல்லைக் கோட்டுக்கு மிக அருகில். சத்தம் கூரைக்குக் கீழேயே சுழலும். சிட்னியில் 80,000 பேர் போடுவதைவிட இங்கே 52,000 பேர் போடும் சத்தம் ஆட்டக்காரர்களின் காதில் அதிகம் விழும். ஐந்தாவது டேக்கிளில், ஆட்டத்தை நடத்தும் ஹாஃப்பேக் கூவும் உத்தரவு பத்து மீட்டர் தள்ளி நிற்பவருக்குக் கேட்காமல் போவது இங்கேதான்.

வெளியே வாலி லூயிஸ், மால் மெனிங்கா, டேரன் லாக்கியர், ஆர்தர் பீட்சன் என்ற பழைய குயின்ஸ்லாந்து வீரர்களின் சிலைகள். பீட்சன் சிலை முன்னால் கொஞ்சம் நிற்கலாம். பணக்கார சிட்னி கிளப்கள் குயின்ஸ்லாந்துக்காரர்களை வாங்கிக்கொண்டு போய், அவர்களையே நியூ சவுத் வேல்ஸ் சட்டையில் இறக்கி, சொந்த ஊரைத் தோற்கடித்த காலம் ஒன்று இருந்தது. எந்தக் கிளப்பில் ஆடினாலும் பிறந்து வளர்ந்த மாநிலத்துக்கு ஆடட்டும் என்று 1980 ஜூலை 8 அன்று இதே மைதானத்தில் சோதித்துப் பார்த்தார்கள். 35 வயது பீட்சன் குயின்ஸ்லாந்துக்குத் தலைமை தாங்கினார். எதிரே பாராமட்டா கிளப்பில் அவரோடு சேர்ந்து ஆடிய மிக் க்ரோனின். குயின்ஸ்லாந்து 20-10. 1982-இலிருந்து மூன்று ஆட்டத் தொடர்.

அந்த விசித்திரம் இன்றும் அப்படியே. நியூ சவுத் வேல்ஸின் பெரிய முன்வரிசை ஆள் பேய்ன் ஹாஸ், பிரிஸ்பேன் பிரான்கோஸ் வீரர். இதே லாங் பார்க் அவருக்கு வாராந்திர வீடு. புதனன்று அவர் மோதப்போவது கிளப் தோழர்கள் பேட்ரிக் கேரிகன், ரீஸ் வால்ஷ் மேல். நியூ சவுத் வேல்ஸ் ஹூக்கர் (பிடிபட்ட இடத்திலிருந்து பந்தை எடுத்துக் கொடுப்பவர்) ரீஸ் ராப்சனும் குயின்ஸ்லாந்தின் டாம் டியர்டனும் டவுன்ஸ்வில்லில் ஒரே கிளப். குயின்ஸ்லாந்து கேப்டன் செரி-எவன்ஸோ சிட்னியின் மேன்லி கிளப்காரர்.

இப்போது சங்கடமான பட்டியல். பிரிஸ்பேனில் நடந்த முடிவாட்டங்கள்: 2011-இல் 34-24, 2012-இல் 21-20, 2015-இல் 52-6, 2017-இல் 22-6, 2020-இல் 20-14, 2022-இல் 22-12. ஆறும் குயின்ஸ்லாந்துக்கு. நியூ சவுத் வேல்ஸ் இங்கே முடிவாட்டத்தை வென்றது கடைசியாக 2005-இல், 32-10.

இதை மந்திரம் மாதிரி எடுத்துக்கொள்ளாமல் உடைத்துப் பார்க்க வேண்டும். அந்த ஆறில் பெரும்பகுதி ஸ்மித், த்ரஸ்டன், க்ரான்க், ஸ்லேட்டர் என்ற குயின்ஸ்லாந்துத் தலைமுறையின் கணக்கு. அவர்களில் யாரும் இப்போது பூட்ஸ் மாட்டுவதில்லை. ஸ்லேட்டர் பயிற்சியாளராக மட்டும் உட்கார்ந்திருக்கிறார். 2015-ஐ ஒதுக்கிவிட்டால் வித்தியாசம் 10, 1, 16, 6, 10. அதாவது இரண்டு மூன்று தருணங்களில் முடிந்த ஆட்டங்கள்தான்.

2005-இன் வடிவமோ இந்த ஆண்டோடு ஒத்துப்போகிறது. அப்போதும் நியூ சவுத் வேல்ஸ் முதல் ஆட்டத்தைத் தோற்றது, இரண்டாவதுக்கு ஆண்ட்ரூ ஜான்ஸ் என்ற ஹாஃப்பேக் காயத்திலிருந்து திரும்பினார், அடுத்த இரண்டும் அவர்களுடையவை. இப்போது அதே ஹாஃப்பேக் இடத்தில் முதல் ஆட்டத்தில் நிக்கோ ஹைன்ஸ், இரண்டாவதிலிருந்து மிட்செல் மோசஸ்.

ஜூலை 16, செவ்வாய். பிரிஸ்பேன்: அணிகள்

இரு பக்கமும் பெரிய பெயர்கள் இல்லை. நியூ சவுத் வேல்ஸுக்கு நேதன் க்ளியரி, லாட்ரல் மிட்செல். குயின்ஸ்லாந்துக்குக் கேமரன் மன்ஸ்டர். மன்ஸ்டர் இடத்தில் டியர்டன் தொடர் முழுதும் நன்றாகத் தடுத்து ஆடினாலும், ஆட்டம் கெட்டுப்போகும்போது ஒன்றுமில்லாததிலிருந்து ட்ரை உண்டாக்கும் ஆள் மன்ஸ்டர்தான். குறைந்த புள்ளி ஆட்டத்தில் அந்தக் குறை இன்னும் பெரிதாகத் தெரியும்.

எங்கள் கணிப்பு மூன்று இடத்தில் நிற்கிறது.

முதலாவது, பிடிபட்ட இடம். பிடிபட்டவர் எழுந்து காலால் பந்தைப் பின்னே தள்ளிவிடும் வேகம்தான் மற்ற எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. கபடியில் பாடி வந்தவனை அமுக்குவது போல மூன்று பேர் மேலே விழுந்து எழ விடாமல் வைத்தால் தடுப்பு வரிசை ஒழுங்காகிவிடும். ஒரு நொடி முன்பே எழுந்துவிட்டால் அடுத்த ஆள் பின்வாங்கிக்கொண்டே இருக்கும் வரிசையின் மேல் ஓடுவார். கிரான்ட் காத்திருப்பது அந்த ஒரு நொடிக்குத்தான். பந்தைத் தரையிலிருந்து எடுத்து மார்க்கரைப் பார்ப்பார், மார்க்கர் நேராக நிற்கவில்லையென்றால் தானே ஓடிவிடுவார். அமுக்கல் அதிகமானால் நடுவர் கையசைத்து டேக்கிள் எண்ணிக்கையை முதலிலிருந்து தொடங்குவார். 2024 விதிப்படி, தாக்கும் அணி தன் கோட்டிலிருந்து 40 மீட்டருக்குள் இருக்கும்போது என்றால் முழு பெனால்ட்டி. அங்கே அவசரப்பட்டுத் தவறு செய்யும் அணி அரைத் திடலை இலவசமாகக் கொடுத்துவிடும். இந்த முன்வரிசைச் சண்டையில் ஹாஸ், கேமரன் மர்ரே, ஆங்கஸ் க்ரைட்டன், லியாம் மார்ட்டின் பக்கம் சற்று மேல். மர்ரே இரண்டாவது ஆட்டத்தில் திரும்பியதும் டேக்கிளின் தரம் மாறியது.

இரண்டாவது, உதைக்கப்பட்ட பந்தைத் திருப்பிக் கொண்டுவருவது. பார்வையாளர்கள் இந்த நேரத்தில்தான் வாங்கியதைத் தின்பார்கள்; கணிப்பவர்கள் இங்கேதான் கண் வைக்க வேண்டும். எதிராளி உதைத்த பந்தைப் பிடித்து பிரையன் டோ'ஓ, டிலன் எட்வர்ட்ஸ், ஸாக் லோமாக்ஸ் மூவரும் முதல் இரண்டு ஓட்டத்தை ஓடிவிடுகிறார்கள். டோ'ஓ குட்டையானவர், இடுப்பு கனம், முதலில் தொட்டவரோடு ஒருபோதும் விழமாட்டார். கணக்கு எளிது: ஒவ்வொரு ஓட்டத்துக்கும் 8 மீட்டருக்குப் பதில் 10 என்றால், ஐந்து ஓட்டத்தில் 10 மீட்டர். மோசஸின் உதை அவ்வளவு தூரம் தள்ளி விழும். அரை மணி நேரம் இப்படியே போனால் குயின்ஸ்லாந்து ஒவ்வொரு முறையும் தன் கோட்டுக்குப் பத்து மீட்டர் முன்னாலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும். மோசஸின் பலமே இந்த நீள உதைதான். செரி-எவன்ஸ் தந்திரத்தில் மேல், தூரத்தில் இல்லை. உயரப் பந்துகளை லோமாக்ஸ் பக்கம் போட்டால் ஆபத்து; உயரமானவர், தாவிப் பிடிப்பதில் கெட்டிக்காரர். மெல்போர்னில் அவரும் டோ'ஓவும் தலா இரண்டு ட்ரை.

மூன்றாவது, பெஞ்ச், அதாவது மாற்று ஆட்டக்காரர்கள். 2024 விதிப்படி நான்கு பேர், எட்டு மாற்றம். தலையில் அடிபட்டவரைப் பரிசோதிக்க 15 நிமிடம் வெளியே அழைத்தால், அந்தத் தற்காலிக மாற்றம் எட்டில் சேராது. ஆனால் அவர் திரும்பாவிட்டால் பெஞ்சே ஒரு ஆள் குறைவாகிவிடும். பயிற்சியாளர்களின் திட்டம் உடைவது பெரும்பாலும் இங்கே: இருபதாவது நிமிடத்தில் விளிம்பில் ஆடும் ஒரு விங்கர் நொண்டினால், முன்வரிசைக்காரரை விளிம்பில் நிறுத்த வேண்டி வரும். ஹூக்கர் வேலையைக் கிரான்ட், பென் ஹன்ட் என இருவர் பார்க்க முடிவது குயின்ஸ்லாந்துக்குச் சாதகம். கடைசி இருபது நிமிடத்தில் ஆட்டம் சமநிலையில் இருந்தால் அது பெரிய சாதகம்.

ஜூலை 17, புதன். ஆட்ட நாள்

நுழைவுச் சீட்டு வைத்திருப்பவர்களுக்கு அன்று பிரிஸ்பேன் ரயிலும் பேருந்தும் இலவசம். மில்டன் நிலையம் மைதானத்தை ஒட்டியே இருக்கிறது. வரும்போது வசதி, முடிந்தபின் நெரிசல். திரும்பும்போது ரோமா ஸ்ட்ரீட்டுக்கு நடந்துவிடுவது சீக்கிரம். காரை மறந்துவிடுங்கள், சுற்றுவட்டாரத் தெருக்களில் நிறுத்தினால் அபராதம் நிச்சயம். காக்ஸ்டன் தெரு மதியமே குயின்ஸ்லாந்தின் மெரூன் நிறமாகிவிடும். நியூ சவுத் வேல்ஸின் நீலச் சட்டையோடு அந்தத் தெருவில் நடக்கலாம், கேலிக்குச் சிரிக்கத் தெரிந்தால் போதும். எதிரணியின் பேருந்து அந்த வழியே வரும்போது கிடைக்கும் வரவேற்பைப் பார்க்கவே கூட்டம் நிற்கும்.

ஆட்டம் இரவு 8:05 என்று அறிவிப்பு. பந்து உதைபடுவது சில நிமிடம் தள்ளித்தான். ஒரு மணி நேரத்துக்கு முன் இறுதி 17 பேர் உறுதியாவார்கள். அதைப் பார்க்காமல் யாரோடும் பந்தயம் வேண்டாம். பிரிஸ்பேன் ஜூலை வறண்டது, மழை எதிர்பார்ப்பு இல்லை. ஆனால் எட்டரை ஒன்பதுக்குப் பனி இறங்கிப் புல் ஈரமாகும். இரண்டாவது பாதியில் பந்து வழுக்கும், அகலமாக வீசும் பாஸ்கள் கைநழுவும். அதனால் முடிவாட்டங்களில் முதல் அரை மணி நேரத்தில் பெனால்ட்டி கிடைத்தால் கம்பத்தை நோக்கி உதைத்து 2 புள்ளியை எடுத்துக்கொள்வது கோழைத்தனம் இல்லை. குயின்ஸ்லாந்துக்காகக் கம்பத்துக்கு உதைக்கும் வாலன்டைன் ஹோம்ஸும், எதிரே லோமாக்ஸும் இன்று அடிக்கடி பந்தை நிறுத்தும் தாங்கியைக் கேட்பதைப் பார்ப்பீர்கள்.

எங்கள் முடிவு: நியூ சவுத் வேல்ஸ், 12 புள்ளிக்குள். எண் கேட்டால் 16-10. இரு அணிக்கும் சேர்த்து 30-ஐத் தாண்டாது. முதல் ட்ரை தாமதமாக வரும். பெஸ்ட் ஒரு ட்ரை போடுவார் என்பது துணைக் கணிப்பு. குயின்ஸ்லாந்து வலது பக்கத்தைத் தடுக்கும்போது உள்ளே குவிந்துவிடுகிறது.

இது பொய்க்க இரண்டு வழி உண்டு. வால்ஷுக்கு ஒழுங்கில்லாத ஆட்டம் கிடைப்பது, அதாவது தவறிய பந்து, கலைந்த வரிசை. அல்லது நியூ சவுத் வேல்ஸ் கோபத்தில் பெனால்ட்டி கொடுத்து ஒருவரைப் பத்து நிமிடம் வெளியே அனுப்பிக்கொள்வது.

ஜூலை 18, வியாழன். பிரிஸ்பேன்

நியூ சவுத் வேல்ஸ் 14, குயின்ஸ்லாந்து 4.

அறுபது நிமிடம் தாண்டியும் ட்ரை இல்லை. இரு பக்கமும் பெனால்ட்டி உதைகளால் மட்டும் நகர்ந்த ஆட்டம். முதல் ட்ரை பெஸ்டுடையது. அடுத்தது மோசஸ், அதோடு கதவு மூடியது. லோமாக்ஸ் மூன்று முறை கம்பத்துக்கு நடுவே உதைத்தார். குயின்ஸ்லாந்தின் நான்கு புள்ளியும் ஹோம்ஸின் காலிலிருந்து. லாங் பார்க்கில், முடிவாட்டத்தில், ட்ரையே இல்லாத குயின்ஸ்லாந்து. நாங்கள் அவர்களுக்குப் பத்து கொடுத்திருந்தோம். கோட்டுக்கு முன்னால் அந்தத் தடுப்பு அவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கும் என்பதை யாரும் எண்ணில் போட்டிருக்க முடியாது. எழுந்து வரும் பந்து மெதுவாகவே வந்ததால் கிரான்டுக்கு அந்த ஒரு நொடி கிடைக்கவே இல்லை.

இந்த ஊரில் முடிவாட்டத்தை நியூ சவுத் வேல்ஸ் வெல்வது 1994, 2005-க்குப் பிறகு மூன்றாவது முறை. தொடரின் சிறந்த வீரருக்கான வாலி லூயிஸ் பதக்கம் ஆங்கஸ் க்ரைட்டனுக்கு.

சிட்னிக்குத் திரும்பும் ரயில் காலை ஆறுக்குச் சற்று முன் கிளம்புகிறது. ஆட்டத்தின் மறுநாள் அதைப் பிடிக்கத் திட்டமிட வேண்டாம். வெள்ளிக்கிழமைக்குப் போடுங்கள், இல்லாவிட்டால் மதிய விமானம்.